செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலையா? பம்ப்பை மாத்துறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு விநாடி சத்தத்தைக் கேளுங்க!

இரவு பத்தரை மணி. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடை. பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகுகிறீர்கள். 'கிர்ர்ர்... கிர்ர்ர்...' செல்ஃப் நல்லாவே அடிக்குது. ஹெட்லைட் பளிச்சுனு எரியுது. பெட்ரோல் முள் பாதியில நிக்குது. ஆனா, இன்ஜின் மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது. பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னாச்சுப்பா?" என்கிறார். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் வண்டியைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். அதில் ஒருவர் நிச்சயம் சொல்வார், "பெட்ரோல் பம்ப் போயிருக்கும் தம்பி. வண்டியைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், பேட்டரிக்கும் பம்ப்புக்கும் நடுவில் இரண்டு சின்னப் பொருள்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, பத்து இருபது ரூபாய் ஃப்யூஸ். இன்னொன்று, சில நூறு ரூபாய் ரிலே. இந்த ரெண்டுல எது போனாலும், பம்ப் போனா வண்டி எப்படி நிக்குமோ, அச்சு அசலா அப்படியேதான் நிக்கும். வெளியே இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. பம்ப் அசெம்பிளி மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் செலவு. டோயிங் காசு தனி. அதனால, ரெக்கவரி வண்டிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் நீங்களே பார்த்துடலாம். பெரிய டூல்ஸ் எதுவும் வேண்டாம். முதலில் வேண்டியது காது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வண்டி டீக்கடை வாசலில் இல்லாமல் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டால், ஹசார்டு லைட்டைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். அப்புறம், வண்டியைச் சுற்றி எங்கேயாவது பெட்ரோல் வாடை அடித்தாலோ, அடியில் சொட்டு விழுந்தாலோ, இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருங்கள்.

டேங்குக்குள்ள ஒரு மோட்டார்

அம்பாசடர், பத்மினி காலத்து கார்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே இருந்தது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சேர்ந்து வேலை செய்யும். கரன்ட்டோடு அதுக்கு சம்பந்தமே இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது கதை மாறியது. இப்போதைய பெட்ரோல் கார்களில் பம்ப் ஒரு 12 வோல்ட் மோட்டார். பெட்ரோல் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் முங்கியபடி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான கார்களில் பின்சீட்டுக்கு அடியில் டேங்க். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் இந்த பம்ப் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 3 முதல் 4 பார். உங்க கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம்.

இந்த மோட்டாருக்குச் சுமாராக 5 முதல் 8 ஆம்பியர் கரன்ட் வேண்டும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. இவ்வளவு கரன்ட்டைத் தானே கொடுக்காது. அதனால் நடுவில் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அவர்தான் ரிலே. தீப்பெட்டியைவிடச் சின்ன கறுப்பு டப்பா. உள்ளே ஒரு கம்பிச்சுருள். ஈ.சி.யூ. அதற்குக் கால் ஆம்பியருக்கும் குறைவான கரன்ட்டைக் கொடுத்தால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டிக்'. பெரிய சுவிட்ச் ஒன்று மூடிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து பம்ப்புக்குக் கரன்ட் பாயும். வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீங்களே, சின்ன பட்டனை அமுக்கினா உள்ளே 'டக்'குனு ஒண்ணு இழுத்துக்கும், அதே தத்துவம்தான்.

இதில் ஒரு அழகான பாதுகாப்பு ஏற்பாடு இருக்கு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் ஈ.சி.யூ. பம்ப்பை ரெண்டு, மூணு விநாடி மட்டும் ஓட விடும். பைப்பில் அழுத்தம் ஏறுவதற்காக. அதற்குள் நீங்கள் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் தொடர்ந்து ஓடவிடும். ஏன் இத்தனை கெடுபிடி? விபத்தில் இன்ஜின் நின்றுபோய், பெட்ரோல் பைப்பும் உடைந்திருந்தால், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்த ரெண்டு விநாடி

ஏ.சி., பாட்டு எல்லாத்தையும் அணைச்சிடுங்க. கண்ணாடியை ஏத்திடுங்க. சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பெரும்பாலானவற்றில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினால் இதே நிலை வரும். பின்சீட்டுப் பக்கமிருந்து 'ம்ம்ம்...' என்று ரெண்டு விநாடி ஒரு முனகல் கேட்டு அடங்கணும். அதுதான் பம்ப். தனியாக இருக்கிறீர்கள், முன்சீட்டில் உட்கார்ந்தால் கேட்கவில்லையா? போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு பின்சீட்டில் வையுங்கள். சாவியை ஆன், ஆஃப் என்று மூன்று தடவை செய்துவிட்டு, போட்டுக் கேளுங்கள்.

சில கார்கள் டிரைவர் கதவைத் திறந்ததுமே பம்ப்பை ஓட்டிவிடும். சாவி போடும்போது சத்தம் வராது. இதனால்தான் வண்டி நன்றாக இருக்கும்போதே உங்கள் காரின் சத்தத்தை ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இன்னிக்கு ராத்திரி பார்க்கிங்கில் செய்து பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. டீசல் கார்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பல டீசல் வண்டிகளில் டேங்குக்குள் பம்ப்பே இருக்காது, இன்ஜின் பக்கத்தில் இருக்கும் பம்ப்பே உறிஞ்சிக்கொள்ளும். அங்கே இந்தச் சத்தத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

சத்தம் கேட்டால், ஃப்யூஸும் ரிலேவும் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். பிரச்னை ஸ்பார்க் பக்கமோ, சென்சார் பக்கமோ இருக்கலாம். பம்ப் சுற்றியும் அழுத்தம் வராமலும் இருக்கலாம். அதெல்லாம் மெக்கானிக் வேலை.

சத்தமே இல்லையா? நம்ம வேலை இங்கே ஆரம்பிக்குது.

அவசரப்பட்டு ஃப்யூஸ் பாக்ஸைத் திறப்பதற்கு முன், மீட்டரில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சில கார்களில் அது பம்ப்பையும் நிறுத்திவிடும். ஸ்பேர் சாவியில் முயன்று பாருங்கள். பழைய ஃபோர்டு, ஃபியட் கார் சிலவற்றில் பெட்ரோலை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் 'டமார்' என்று இறங்கினால்கூட விபத்து என்று நினைத்து அது தட்டிவிட்டுவிடும். எங்கேயும் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு அதன் தலையில் உள்ள பட்டனை அமுக்கினால் போதும். எங்கே இருக்கிறது என்று மேனுவலில் போட்டிருப்பார்கள்.

ஃப்யூஸ்: பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ

ஃப்யூஸ் பாக்ஸ் வழக்கமாக இரண்டு இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம். இன்னொன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். அதில் 'ஃப்யூயல் பம்ப்', 'எஃப்/பி', 'இ.எஃப்.ஐ.' என்கிற மாதிரி ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். சில நேரம் பெட்ரோல் பங்க் சின்னமே இருக்கும். மூடியில் புரியவில்லை என்றால் மேனுவல். மேனுவல் வீட்டில் இருக்கிறதா? அதன் பி.டி.எஃப். பெரும்பாலும் கம்பெனி வெப்சைட்டிலேயே கிடைக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் பாக்ஸை முழுசாக ஒரு போட்டோ எடுங்கள். எந்த ஃப்யூஸ் எந்தக் குழியில் இருந்தது என்ற குழப்பம் வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. சாவியை ஆஃப் பண்ணுங்க. பாக்ஸுக்குள்ளேயே சின்ன பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று செருகியிருக்கும், அதால் பிடித்து நேராக இழுங்க.

ஃப்யூஸைப் போன் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் ஒரு மெல்லிய உலோகப் பாலம் வளைந்து போகும். அது அறுந்திருந்தால் ஃப்யூஸ் போயிடுச்சு. ஆனால், முழுசாகத் தெரிந்தால் 'நல்லா இருக்கு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். அதே ஆம்பியரில் வேறொரு நல்ல ஃப்யூஸை, உதாரணமாக சார்ஜர் சாக்கெட்டின் ஃப்யூஸை, எடுத்து மாட்டிப் பார்ப்பதுதான் ரோட்டோரத்தில் எளிய சோதனை. மல்ட்டி மீட்டர் இருந்தால் இன்னும் வசதி. ஃப்யூஸின் தலையில் ரெண்டு குட்டி உலோகப் புள்ளிகள் தெரியும். ஃப்யூஸைப் பிடுங்காமலே, மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பால் ரெண்டு புள்ளியையும் மாறி மாறித் தொடுங்கள். ரெண்டிலும் 12 வோல்ட் வந்தால் ஃப்யூஸ் நலம். ஒன்றில் மட்டும் வந்தால் அறுந்துவிட்டது. ரெண்டிலுமே வரவில்லையென்றால் இந்த ஃப்யூஸுக்கே கரன்ட் வரவில்லை. சில கார்களில் ஃப்யூஸ் ரிலேவுக்கு அடுத்து இருக்கும். அப்போது சாவி போட்ட அந்த ரெண்டு விநாடி மட்டும்தான் கரன்ட் வரும், அதற்குள் பார்க்க வேண்டும்.

ஃப்யூஸின் நிறம் அழகுக்காக இல்லை. பிளேடு ஃப்யூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. ஃப்யூயல் பம்ப்புக்குப் பெரும்பாலும் 15 அல்லது 20. உங்கள் மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. பக்கத்தில் இருக்கிறதே என்று ஏர்பேக் ஃப்யூஸ் போன்றவற்றை நோண்ட வேண்டாம்.

'பச்சையைப் போடு தம்பி, இனிமே போகாது'

புது ஃப்யூஸ் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகி, நாளைக்கும் நாளை மறுநாளும் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தோஷம். மறுபடியும் போய்விட்டால்? அங்கேதான் கூட்டத்தில் ஒருவர் இந்த யோசனையைச் சொல்வார்: 15-க்குப் பதில் 30 போடு. அதுவும் கிடைக்காவிட்டால் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்று, ஒரு கம்பி இழையை வை.

தயவுசெய்து கேட்காதீங்க. ஃப்யூஸ் காப்பாற்றுவது பம்ப்பை அல்ல, வயரை. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட இடத்தில் ஓடும் வயர் அந்த அளவுக்குக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த தடிமனில்தான் இருக்கும். அங்கே 30 போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் அறுவதற்கு முன் வயர் பழுக்கும். அந்த வயர் எங்கே போகிறது? கார்ப்பெட்டுக்கு அடியில், உங்கள் சீட்டுக்குப் பக்கமாக, நேராகப் பெட்ரோல் டேங்குக்கு. அம்மா உட்கார்ந்திருக்கிற அதே பின்சீட்டுக்கு அடியில்.

ஃப்யூஸ் போவது நோய் இல்லை, அறிகுறி. அது எப்போது போகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைச்சிடும். சாவியைத் திருப்பிய உடனே போனால், எங்கோ வயர் நேரடியாக பாடியைத் தொடுகிறது. நம்ம ஊரில் இதற்கு முதல் சந்தேகம் எலி மேல்தான். ரெண்டு வாரம் எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டி என்றால் பானெட்டைத் திறந்து புழுக்கை, கடித்துத் துப்பிய பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கும்போது போனால், எங்கோ உரசித் தேய்ந்த வயர் ஆடி ஆடித் தொடுகிறது. கால் மணி, அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு போனால், பம்ப் மோட்டாரே வயசாகி, சுற்றுவதற்குக் கஷ்டப்பட்டு அதிக கரன்ட் இழுக்கிறதோ என்று யோசிக்கலாம். எப்போதும் ரிசர்வ்லயே ஓட்டுறவங்களுக்கு இது சீக்கிரம் வரும். ஏனென்றால் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். நூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டும் சிக்கனம் கடைசியில் பம்ப்பில் வந்து நிற்கும்.

கடையில் மாட்டிய எல்.இ.டி. பார், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றுக்கு, கைக்கு எட்டிய ஏதோ ஒரு வயரைச் சீவி லைன் எடுத்திருப்பார்கள். அது பம்ப் லைனாக இருந்தால், நீங்கள் சத்தமாகப் பாட்டு வைக்கும்போது ஃப்யூஸ் போகும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். முந்தைய ஓனர் ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருந்தால், வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்துவதற்காக பம்ப் லைனையோ இக்னிஷன் லைனையோ வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்திருக்கக்கூடும். டிராக்கரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார், ரிலே மட்டும் டேஷ்போர்டுக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு தொங்கும். கம்பெனி வயரிங் படத்தில் இல்லாத ரிலே அது. சர்வீஸ் சென்டரில் நாள் முழுக்கத் தேடினாலும் தலையைச் சொறிவார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஃப்யூஸ் அறாது, ஆனால் அது உட்காரும் குழியின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருக்கும். பிடி தளர்ந்து, சரியாகத் தொடாமல் சூடாகிறது. இங்கே எத்தனை ஃப்யூஸ் மாற்றினாலும் வேஸ்ட், உள்ளே இருக்கும் டெர்மினலைச் சரிசெய்ய வேண்டும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் பாக்ஸுக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு பூத்திருக்கும், அதுவும் இதே வேலையைச் செய்யும். சென்னையில் 2015, 2023 டிசம்பர்களில் தண்ணீருக்குள் நின்ற கார்களை வாங்கியவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்கவும்.

ரிலே: ஹாரனைக் கேளுங்க

ஃப்யூஸ் நலம், ஆனாலும் முனகல் இல்லை. இப்போது ரிலே.

படத்தில் ஃப்யூயல் பம்ப் ரிலேவைக் கண்டுபிடித்து, அதன் தலையில் விரலை வையுங்கள். இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். விரலுக்குக் கீழே 'டிக்' என்று ஒரு துடிப்பு தெரியணும். தெரியவில்லை என்றால், ரிலேவின் கம்பிச்சுருள் போயிருக்கலாம், அல்லது ஈ.சி.யூ. அதைக் கூப்பிடவே இல்லாமல் இருக்கலாம். 'டிக்' வந்தும் பம்ப் முனகவில்லை என்றால், உள்ளே தொடும் முனைகள் கருகியிருக்கலாம். சுவிட்ச் மூடுது, ஆனா கரன்ட் போகலை. அல்லது அதைத் தாண்டி வயரிலோ பம்ப்பிலோ கோளாறு.

எது என்று எப்படிப் பிரிப்பது? பல கார்களில் ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே மாதிரி இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணும் கீழே கால்களின் அமைப்பும் ரெண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றேதான் என்றால் சாவியை ஆஃப் செய்துவிட்டு ரெண்டையும் இடம் மாற்றுங்கள். இப்போது சாவியைப் போடுங்கள். பம்ப் முனகிவிட்டதா? ஹாரனை அமுக்குங்கள். ஹாரன் ஊமையா? அப்போ சந்தேகமே இல்லை, ரிலேதான் திருடன். பம்ப் இன்னும் ஊமையாகவே இருந்து, ஹாரன் மட்டும் வழக்கம்போல 'பாம்' என்று கத்தினால், ரிலே பாவம், நிரபராதி. ஒரே மாற்றத்தில் ரெண்டு பக்கச் சாட்சி. எனக்குத் தெரிந்து கார் சோதனைகளிலேயே செலவில்லாத, திருப்தியான சோதனை இதுதான்.

ஒரு எச்சரிக்கை. சில புது கார்களில் ரிலே தனியாகக் கழற்ற முடியாதபடி ஃப்யூஸ் பாக்ஸ் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சிலவற்றில் ரிலேவுக்குப் பதில் பம்ப் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அந்த வண்டிகளில் ஃப்யூஸோடு உங்கள் வேலை முடிந்தது. ரெக்கவரி வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

ரிலேவைத் திருப்பிப் பார்த்தால் 30, 85, 86, 87 என்று கால்களுக்கு எண் போட்டிருப்பார்கள். 85, 86 கம்பிச்சுருளுக்கு. 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பம்ப்புக்குப் போவது. யூடியூபில், ரிலேவைக் கழற்றிவிட்டு 30-க்கும் 87-க்கும் ஒரு வயரை மாட்டி வண்டியை ஓட்டிக் காட்டுவார்கள். பட்டறையில் மெக்கானிக் ஒரு நிமிஷம் சோதிக்க அது சரி. அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போறது சரியே இல்லை. மேலே சொன்ன பாதுகாப்பு ஞாபகம் இருக்கா? விபத்தில் பம்ப்பை நிறுத்த வேண்டிய ஆளையே நீங்கள் வேலையை விட்டுத் தூக்கிவிட்டீர்கள்.

மத்தியானம் மட்டும் வரும் கோளாறு

ரிலேவின் மோசமான குணம், அது ஒரேயடியாகச் சாவதில்லை. உள்ளே இருக்கும் ஈயப் பற்றவைப்பில் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேவின் இந்தக் கோளாறு உலகம் முழுக்கப் பிரபலம். காலையில் நல்லா ஸ்டார்ட் ஆகும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஆகாது. கண்ணாடியை இறக்கி அரை மணி நேரம் காத்திருந்தால் மறுபடி ஆகும். ரிலே கோளாறு எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2014-இல் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான ஜீப் கிராண்ட் செரோகி, டாட்ஜ் டுரங்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது, சூட்டில் உருமாறிய ஃப்யூயல் பம்ப் ரிலேவுக்காக.

என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில், அதுவும் மத்தியானம் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும். கடைசியில் "பம்ப் வீக்கா இருக்கு சார்" என்று மாற்றிவிட்டார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பில். மூணாவது நாள் மத்தியானம், அதே பார்க்கிங், அதே 'கிர்ர்ர்'. வெறுத்துப்போய் இன்னொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெயில்ல மட்டும்தானே நிக்குது?" ரிலேவைக் கழற்றி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, திரும்ப மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆறவைத்து மாட்டினார். ஆனது. புது ரிலே, கூலி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கழற்றிய பழைய பம்ப்பை அந்த முதல் பட்டறையில் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று இன்னமும் புலம்புகிறார்.

அவர் செய்யாமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கேளுங்கள். பம்ப் மாத்தணும் என்று யாராவது சொன்னால், "ஸ்டார்ட் ஆகாம நிக்கும்போது பம்ப் சாக்கெட்ல 12 வோல்ட் வருதாண்ணே? எர்த் பார்த்தீங்களா?" கரன்ட்டும் வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பம்ப் சுற்றவில்லை என்றால்தான் பம்ப் குற்றவாளி. கரன்ட்டே வரவில்லை என்றால் எத்தனை புது பம்ப் போட்டாலும் அதுவும் சுற்றாது. 9, 10 வோல்ட்தான் வருகிறது என்றால், நடுவில் ரிலேவோ சாக்கெட்டோ கரன்ட்டைத் தின்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஹைவேயில் வேகம் எடுக்கும்போது மூச்சு வாங்கும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

பம்ப்தான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் உங்கள் காரின் சேஸி எண்ணைக் கம்பெனி வெப்சைட்டின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா 90,000-க்கும் மேற்பட்ட பழைய மாடல் கார்களின் ஃப்யூயல் பம்ப்பை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. பட்டியலில் உங்கள் வண்டி இருந்தால், கையிலிருந்து கொடுக்கத் தேவையில்லாத பணம் அது.

சரி, மறுபடி திண்டிவனம் டீக்கடைக்கு வருவோம். ஃப்யூஸ், ரிலே ரெண்டும் நலம், பம்ப்தான் மக்கர் என்று தெரிகிறது. ஊர் போய்ச் சேர ஒரு கடைசி வழி இருக்கு. ஒருவர் சாவி போட்டு செல்ஃப் அடிக்கும்போது, இன்னொருவர் டேங்குக்கு மேலே, பின்சீட்டின் மேல் கையால் ஓங்கி ரெண்டு தட்டு தட்டட்டும். தேய்ந்துபோன மோட்டார் சில நேரம் அந்த அதிர்ச்சியில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தால் வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்காமல் நேராக வீட்டுக்கோ பட்டறைக்கோ போய்விடுங்கள், நடுவில் டீ வேண்டாம். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீங்க, பேட்டரியும் சேர்ந்து படுத்துடும்.

ரிலேதான் காரணம் என்றால், ஹாரனிடம் கடன் வாங்கியதையே வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனா ஹாரன் இல்லாம நம்ம ஹைவேயில் ராத்திரி ஓட்டுறது பெரிய ரிஸ்க். ஃபாக் லேம்ப் ரிலேவோ ஏ.சி. ரிலேவோ அதே எண்ணில் இருந்தால் அதைப் பம்ப்புக்குக் கொடுத்துவிட்டு, ஹாரனை ஹாரனுக்கே திருப்பிக் கொடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ரிலேவை மட்டும் தொடாதீர்கள், இன்ஜின் கொதித்துவிடும். மறுநாள் காலை ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் பழைய ரிலேவைக் காட்டி அதே எண்ணில் ரெண்டாக வாங்குங்கள். ஒன்று பம்ப்புக்கு. இன்னொன்றை, ஒரு 15-ம் ஒரு 20-ம் ஃப்யூஸோடு சேர்த்து, ஒரு ஜிப் கவரில் போட்டு க்ளவ் பாக்ஸில் வையுங்கள்.